கணினிக் கொத்தணிகளில் மறைகுறியாக்கம்: உடைமையும் அந்தரங்கமும்

கணினி வலையமைப்புப் பற்றிய கட்டுரையொன்று தமிழ்ச் சங்க ஆய்விதழில் இடம்பெறுவதைக் கண்டு வாசகர் சிலர் வியப்புறலாம். ஆயின், எழுதப்பட்டதொன்று யார் கைவழி செல்கின்றது, எங்கு பேணப்படுகின்றது, எவரெவர் அதனைப் படிக்க வல்லவர் ஆகின்றனர் என்பன இலக்கிய ஆய்வாளர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினாக்களே. ஏட்டுச்சுவடி எவர் வீட்டிற் பூட்டப்பட்டிருந்தது, அச்சியந்திரம் எவர் கையில் இருந்தது என்று கேட்காது இலக்கிய வரலாறு எழுத முடியாதென்பதை நாம் ஒப்புக்கொண்டு பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்று கோடிக்கணக்கானோர் எழுதும் கடிதங்களும், அவர்தம் வைத்தியக் குறிப்புகளும், வங்கிக் கணக்குகளும் தங்கியிருப்பது சேவையகங்களிலேயே. அதே வினாக்களை அவ்விடத்திலும் கேட்டல் தகும்.

இங்கு நாம் நோக்கப் புகுவது அவ்வினாவின் ஒரு சிறு கூற்றினையே. பல சேவையகங்கள் ஒன்றிணைந்து இயங்கும் கொத்தணியொன்றினுள், ஒரு கணுவிலிருந்து மற்றொரு கணுவுக்குச் செல்லும் செய்தி மறைகுறியாக்கப்படுகின்றதா? இல்லையெனின், ஏன்? தொழினுட்ப நூல்கள் இதனை அமைப்புமுறைப் பிரச்சினையாக மட்டுமே பேசிச் செல்வது வழக்கம். அதற்கு அப்பாலும் இதிற் பேசவேண்டியது உண்டு என்பது எமது கருத்து.

முதலிற் கொத்தணி என்பது யாதெனக் காண்போம். ஒரு நிறுவனத்தின் தரவு ஒரு கணினியிற் கொள்ளாத அளவிற்குப் பெருகும்போதும், ஒரு கணினி பழுதுறினும் பணி தடைப்படலாகாது என்ற தேவை எழும்போதும், அத்தரவு துண்டுகளாக்கப்பட்டுப் பல கணினிகளுக்குப் பங்கிடப்படுகின்றது. அக்கணினிகள் ஒவ்வொன்றும் ஒரு கணு. ஒவ்வொரு துண்டுக்கும் படிகள் எடுக்கப்பட்டு வெவ்வேறு கணுக்களில் வைக்கப்படும். பயனர் ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்படி கேட்பாராயின், அவ்வேண்டுகோளை ஏற்கும் கணு அதனை ஏனைய கணுக்களுக்கு அனுப்பி, அவை தரும் விடைகளைத் தொகுத்தே மறுமொழி தருகின்றது. இவற்றோடு, எந்தக் கணு இயங்குகின்றது, எது செயலிழந்தது, தலைமைக் கணு எது என்பன பற்றிய உரையாடலும் இடையறாது நிகழ்ந்துகொண்டிருக்கும். ஆக, வெளியே ஒரு கேள்வியும் ஒரு விடையுமாகத் தோன்றுவது உள்ளே பல செய்திகளாகக் கிளைக்கின்றது. இன்னுமொன்று. வெளியே செல்வது கேட்கப்பட்ட பகுதி மட்டுமே. உள்ளே செல்வதோ படியெடுப்பின் பொருட்டு முழுத் தரவுமாகும். புதிய கணுவொன்று கொத்தணியிற் சேரும்போது தரவின் ஒரு பெரும் பங்கு அப்படியே கம்பி வழியாக அதற்குக் கடத்தப்படும். எனவே உட்கம்பியில் ஒட்டுக்கேட்பவர், பொறுமை மட்டும் உடையவராயின், வெளிக்கம்பியில் இருப்பவரிலும் பன்மடங்கு மிகுதியாகப் பெறுவர்.

இருந்தும் நெடுங்காலம் மறைகுறியாக்கம் வெளிக்கம்பிக்கே உரியதாயிருந்தது. பயனரின் கணினியிலிருந்து நிறுவனத்தின் வாசல் வரை செய்தி மறைந்து வரும். வாசலில் மறைகுறி நீக்கப்படும். அதற்கு அப்பால் எல்லாம் வெற்றுரை. கிடுகுவேலி சூழ்ந்த வளவொன்றில் படலைக்குப் பூட்டிட்டுவிட்டு உள்வீட்டுக் கதவுகளைத் திறந்துவைப்பது போன்றது இது. வேலிக்குள் இருப்போர் எல்லாரும் நம்மவர் என்ற எண்ணமே இதன் அடிப்படை. இவ்வாறு வேலியிடப்பட்ட வலையமைப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிறைவேற்’ என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குதல் பயன்தரும். தனியாருக்கு உரியது என்பதும், பிறர் அறியாது மறைவாயிருப்பது என்பதும் அவ்வொரு சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. தமிழிலே முன்னையதைத் தனியாருடைமை என்றும் பின்னையதை அந்தரங்கம் என்றும் வேறுபடுத்தியே சொல்கின்றோம். முதலாளித்துவச் சமூகத்தில் உடைமையின் எல்லையே அந்தரங்கத்தின் எல்லையாகக் கருதப்படுவது இயல்பு. கம்பி நிறுவனத்துக்கு உரியது, ஆகவே அதிற் செல்வது மறைவானது என்ற மயக்கம் அவ்வழியே நேர்ந்தது. சொல்லொன்றே இம்மயக்கத்தை விளைவித்ததெனக் கூறுதல் கருத்துமுதல்வாதமாகும். ஆயின், மயக்கம் நிலைபெறச் சொல்லும் துணைபோயிற்று என்பதில் ஐயமில்லை.

அந்த மயக்கம் கலைந்த நாளைத் திட்டமாகவே கூறலாம். 2013 ஒக்ரோபர் 30 ஆம் திகதி ‘வாஷிங்ரன் போஸ்ற்’ நாளிதழ், எட்வேர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களின் அடிப்படையில், ‘மஸ்கியூலர்’ என்ற இரகசியத் திட்டம் பற்றிய செய்தியை வெளியிட்டது. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகவரகமும் பிரித்தானியாவின் ஜி.சி.எச்.கியூ. நிறுவனமும் கூட்டாக நடத்திய அத்திட்டம், கூகிள், யாகூ ஆகிய நிறுவனங்களின் தரவு நிலையங்களை இணைக்கும் ஒளியிழைத் தொடுப்புகளை அமெரிக்காவுக்கு வெளியே ஒட்டுக்கேட்டது. 2013 சனவரி 9 ஆம் திகதியிட்ட ஆவணமொன்றின்படி, அதற்கு முந்திய 30 நாள்களில் மட்டும் 18 கோடியே 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் திரட்டி அனுப்பப்பட்டிருந்தன. யார் யாருக்கு எப்போது எழுதினர் என்பது மட்டுமன்றி, எழுதப்பட்ட உள்ளடக்கமும் அவற்றுள் அடங்கும். அவ்வாவணங்களுள் ஒன்று கையால் வரையப்பட்ட ஒரு படம். ஒருபுறம் பொது இணையம், மறுபுறம் கூகிளின் உள்வலை, இரண்டுக்கும் நடுவே வாசற்சேவையகம். அவ்விடத்தை அம்புக்குறியாற் சுட்டி, மறைகுறி சேர்க்கப்படுவதும் நீக்கப்படுவதும் இங்கேயே என்று எழுதி, அருகே ஒரு சிரித்த முகத்தையும் வரைந்திருந்தார் அதனை வரைந்தவர். இரு பேரரசுகளின் உளவுத்துறைகள் கூட்டாகச் செய்த வேலையின் சாரம் அச்சிரிப்பில் உள்ளது. எந்த மறைகுறியையும் அவர்கள் உடைக்கவில்லை. மறைகுறி முடிவுறும் இடத்துக்கு அப்பால் நின்றனர், அவ்வளவே.

இதற்குமுன் உட்கம்பி ஏன் மறைக்கப்படவில்லை? செலவு மிகுதி, வேகம் குறையும் என்பதே பலர் தந்த விடை. இது ஆராயத்தக்கது. 2010 சனவரியில் கூகிள் தனது மின்னஞ்சற் சேவையின் வெளித்தொடர்பு முழுவதையும் வழமையாகவே மறைகுறியாக்கியது. அதற்கெனப் புதிய கணினிகள் தேவைப்படவில்லையென்றும், வாசற்சேவையகங்களின் கணிப்புச் சுமையில் மறைகுறியாக்கத்தின் பங்கு 1 வீதத்துக்கும் குறைவென்றும் அந்நிறுவனத்தின் பொறியியலாளரே அவ்வாண்டில் எழுதினர். அதே 2010 இல், மறைகுறியாக்கத்தை நேரடியாகச் செய்யும் கட்டளைகளைக் கொண்ட செயலிகளை இன்ரெல் நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தது. சேவைகளுக்கிடையே பரஸ்பரம் அடையாளம் நிறுவி மறைவாகப் பேசுதற்கெனக் கூகிள் தானே உருவாக்கிய நெறிமுறையோ 2007 இலேயே தொடங்கப்பட்டது என்பது 2017 இல் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையாற் புலனாகின்றது. அதாவது உற்பத்திச் சக்திகள் ஆயத்தமாகவே இருந்தன. கருவி இருந்தும் அது ஓரிடத்திற் கையாளப்பட்டு மற்றோரிடத்திற் கையாளப்படாமையைக் கருவியைக்கொண்டே விளக்க முடியாது. தொழினுட்ப நிர்ணயவாதம் தடுமாறும் இடம் இது.

செய்தி வெளியானபின் நிகழ்ந்தவை விரைவானவை. தரவு நிலையங்களுக்கிடையிலான போக்குவரத்தை மறைகுறியாக்கும் பணியைக் கூகிள் 2013 இல் முன்னரே முடுக்கிவிட்டிருந்தது. 2014 மார்ச்சில், உள்ளே நகரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் மறைகுறியாக்கப்படுவதாக அறிவித்தது. 2013 நவம்பரில் வாக்குறுதியளித்த யாகூ, 2014 மார்ச் 31 உடன் அதனை நிறைவேற்றியதாகக் கூறிற்று. பிற நாட்டு வாடிக்கையாளரின் நம்பிக்கை இந்நிறுவனங்களின் மூலதனத்தின் ஒரு பகுதி. அது கரையத் தொடங்கியபோது, முன்னர் தாளாத செலவென்று பேசப்பட்டது சில மாதங்களிற் செய்து முடிக்கப்பட்டது.

இனி, இம்மறைகுறியாக்கம் எவ்வாறு நிகழ்கின்றதெனச் சுருக்கமாக நோக்கலாம். பெரும்பாலும் கையாளப்படுவது ரி.எல்.எஸ். எனப்படும் நெறிமுறை, இதன் 1.3 ஆம் பதிப்பு 2018 இல் வெளிவந்தது. இரு கணுக்கள் தொடர்பு கொள்ளத் தொடங்குகையில் தத்தம் சான்றிதழைக் காட்டுகின்றன. கணுவின் பெயரும் அதன் பகிரங்கத் திறவுகோலும் பொறிக்கப்பட்டு, இரு கணுக்களும் ஏற்றுக்கொண்ட சான்றளிப்பு அதிகாரமொன்று ஒப்பமிட்டதே சான்றிதழ். சான்றிதழை எவரும் படியெடுக்கலாம். ஆயின் அதற்கு இணையான அந்தரங்கத் திறவுகோலை உடைய கணுவே அது தனதென நிறுவ முடியும். பின்னர் இரண்டும் சேர்ந்து அவ்வுரையாடலுக்கு மட்டும் உரிய பொதுத் திறவுகோலொன்றைக் கணித்துக்கொள்கின்றன. அத்திறவுகோல் கம்பி வழியே அனுப்பப்படுவதில்லை. 1976 இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறையைத் தழுவி, இரு புறமும் தனித்தனியே அது கணிக்கப்படுகின்றது. அதன்பின் செல்லும் ஒவ்வொரு பொதியும் அத்திறவுகோலால் மறைக்கப்பட்டும், இடைவழியில் மாற்றப்பட்டதாயின் கண்டுகொள்ளத்தக்கதாயும் செல்கின்றது.

சாதாரண இணையப் பக்கத்தைப் பார்க்கும்போது சேவையகம் மட்டுமே தன் சான்றிதழைக் காட்டும், பார்ப்பவர் காட்டுவதில்லை. கொத்தணியிலோ இரு கணுக்களும் காட்டவேண்டும். இது வெறும் சடங்கன்று. எலாஸ்ரிக்சேர்ச் என்னும் தேடற்பொறியின் தொடக்ககாலப் பதிப்புகளில், ஒரே வலையமைப்பில் ஒரே கொத்தணிப் பெயரைப் பூண்டு தோன்றும் எக்கணினியும் வழமையாகவே உறுப்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தரவின் பங்கும் அதற்கு அனுப்பப்பட்டது. அந்நிலையில் ஒட்டுக்கேட்க வேண்டிய சிரமமே இல்லை. உறவினன் என்று சொல்லிக்கொண்டு பந்தியில் அமர்ந்துவிடலாம். ஆகவே அடையாளத்தைச் சோதியாது பேச்சை மட்டும் மறைப்பதாற் பெரும்பயன் இல்லை. இருந்தும், நடைமுறையில் இடர் தருவதாகக் கருதிச் சான்றிதழ்ச் சோதனையை நிறுத்திவைப்போரும், எல்லாக் கணுக்களுக்கும் ஒரே திறவுகோலைப் பகிர்ந்து வைப்போரும் உளர். பின்னைய முறையில் ஒரு கணு பறிபோயின் எல்லாக் கணுக்களும் பறிபோனமாதிரியே. ரி.எல்.எஸ். அன்றி, அதற்குக் கீழ்ப்படையில் ஐபிசெக், 2020 இல் லினக்ஸ் கருவுடன் இணைக்கப்பட்ட வயர்காட் ஆகியவற்றைக் கொண்டும் கணினிக்குக் கணினி மறைகுறியாக்கலாம். இவை இலகுவானவை, ஆனால் ஒரே கணினியில் இயங்கும் இரு மென்பொருள்களை இவை வேறுபடுத்தி அறிவதில்லை.

நம்பிக்கையின் எல்லை எங்கு வரையப்படுகின்றது என்பதற்குக் கசன்ட்றா என்னும் தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்பு நல்ல சான்று. பேஸ்புக் நிறுவனத்தில் உருவாகி 2008 இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட இத்தரவுத்தளம், கணுக்களிடை மறைகுறியாக்கத்துக்கு நான்கு தெரிவுகளைத் தருகின்றது. எதனையும் மறையாதிருத்தல்; தரவு நிலையங்களுக்கிடையே செல்வதை மட்டும் மறைத்தல்; கணினி அடுக்குகளுக்கிடையே செல்வதை மறைத்தல்; அனைத்தையும் மறைத்தல். எவரும் எதுவும் சொல்லாவிடின் முதலாவதே நடைமுறையாகும். கணினியறிஞர் இதனை நான்கு மதிப்புகளாகப் படிப்பர். எமக்கோ இது நம்மவர், பிறத்தியார் என்ற கோடு எந்த மதிலோடு நிற்கின்றது என்பதைக் காட்டும் சமூக வரைபடமாகவே தோன்றுகின்றது. மதில் யாருடையது என்ற வினா 2006 இல் அமேசன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபின் மேலும் சிக்கலாயிற்று. வாடகைக்குப் பெற்றவருக்குக் கணினியும் சொந்தமன்று, கம்பியும் சொந்தமன்று. அடுத்த அடுக்கில் இருப்பது யார் கணினி என்பதும் தெரியாது. வலையமைப்பில் உள்ளிருத்தல் என்பதொன்றே நம்பிக்கைக்குத் தகுதியாகாது என்ற கொள்கை, ‘பூச்சிய நம்பிக்கை’ என்ற பெயரில் 2020 இல் அமெரிக்கத் தேசிய நியமங்கள் நிறுவகத்தின் ஆவணமாகவே வெளிவந்தது. உடைமை உறவு மாறியபின்னரே கொள்கை மாறியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எலாஸ்ரிக்சேர்ச்சின் வரலாறு இதனினும் துலக்கமானது. 2010 இல் வெளிவந்த அம்மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். ஆயின் 9300 ஆம் இலக்கத் துறை வழியே கணுக்கள் பேசும் பேச்சை மறைப்பதற்கான கூறு அதில் இருக்கவில்லை. அது 2015 இல் ‘ஷீல்ட்’ என்ற பெயரில் தனியே வந்தது. பணம் கொடுத்தோர்க்கே கிடைத்தது. தேடல் இலவசம், கேடயம் விலைக்கு. வெளியார் ஆக்கிய ‘சேர்ச் காட்’ என்ற இணைப்பு மென்பொருளைத் தேடிப் பொருத்திக்கொண்டோர் இருந்தனர் என்பதும் உண்மை. எனினும் பணமும் தேர்ந்த ஊழியரும் இல்லாத சிறு அலுவலகங்களின் கொத்தணிகளுக்கு வழமை நிலை வெற்றுரையே. அவற்றுள் இருந்த தரவு அந்த அலுவலகங்களுக்குரியது என்பதிலும், அங்கு தம் விவரங்களைக் கொடுத்த சாதாரண மக்களுக்குரியது என்பதே பொருந்தும். எந்தப் பதிப்பை வாங்குவதென்ற தீர்மானத்தில் அம்மக்களுக்குப் பங்கு இருக்கவில்லை; அதன் விளைவிலோ முழுப் பங்கும் இருந்தது.

2019 மார்ச்சில் அமேசன் அதே மென்பொருளின் தன் பதிப்பொன்றை வெளியிட்டு, மறைகுறியாக்கத்தையும் அதில் இலவசமாகச் சேர்த்தது. மே 20 ஆம் திகதி எலாஸ்ரிக் நிறுவனமும் தனது 6.8, 7.1 ஆம் பதிப்புகளில் அதனை இலவசமாக்கியது. மூன்று மாதங்களுக்குள் அக்கூற்றின் பரிமாற்றப் பெறுமதி பூச்சியமாயிற்று. அதன் பயன்பெறுமதி 2015 இல் இருந்ததே 2019 இலும் இருந்தது. கணித முறையும் மாறவில்லை. பாதுகாப்பின்பால் எழுந்த திடீர் அக்கறையன்று, இரு மூலதனங்களின் போட்டியே சிறு பயனரின் கம்பியை மறைத்தது. 2021 சனவரியில் எலாஸ்ரிக் உரிம நிபந்தனைகளை இறுக்கியதும், அமேசன் ‘ஓப்பின்சேர்ச்’ என்ற தனிக் கிளையைத் தொடங்கியதும் அப்போட்டியின் தொடர்ச்சியே. 2022 பெப்ரவரியில் வந்த 8.0 ஆம் பதிப்பில், முதன்முறை இயக்கும்போதே சான்றிதழ்கள் தாமாக ஆக்கப்பட்டு மறைகுறியாக்கம் வழமையாயிற்று. இதனை முதலாளித்துவத்தின் கொடையெனப் போற்றவும் வேண்டாம். போட்டியால் விளைந்ததாதலின் பயனற்றதெனத் தள்ளவும் வேண்டாம். வரட்டுவாதிகள் பின்னைய தவற்றையே பெரிதும் இழைப்பர்.

மறைகுறியாக்கத்தின் உண்மையான செலவு செயலியின் நேரத்தில் இல்லை, மனித உழைப்பில் உள்ளது. சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு. நூறு கணுக்கள் இருப்பின் நூறு சான்றிதழ்கள் ஆக்கப்பட்டு, பங்கிடப்பட்டு, காலாவதியாகுமுன் பணி தடைப்படாது மாற்றப்படவேண்டும். சான்றளிக்கும் திறவுகோல் கொத்தணிக்கு வெளியே காக்கப்படவேண்டும். இவ்வுழைப்பு செவ்வனே நிகழும்வரை எவர் கண்ணுக்கும் புலப்படாது. 2018 டிசம்பர் 6 ஆம் திகதி எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த சான்றிதழொன்று காலாவதியானபோது, பிரித்தானியாவில் ஓ2 வலையமைப்பின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர் நாள் முழுவதும் கைப்பேசியில் இணையத் தொடர்பை இழந்தனர். யப்பானில் சொப்ட்பாங் நிறுவனத்தின் வாடிக்கையாளரும் அவ்வாறே பாதிக்கப்பட்டனர். எவரும் தாக்கவில்லை, ஒரு திகதி கடந்துபோயிற்று. பின்வந்த பதிப்புகளில் இவ்வேலை பெரும்பாலும் தன்னியக்கமாக்கப்பட்டிருப்பினும், தன்னியக்கம் தவறும் இரவில் விழித்திருப்பவர் ஊழியரே.

இனி, மறையாதவை எவை? கணுக்களிடைப் பேச்சு மறைக்கப்பட்டாலும், எந்தக் கணு எதனோடு, எப்போது, எவ்வளவு பேசிற்று என்பது கம்பியைப் பார்ப்பவருக்குத் தெரிந்தே தீரும். முகவரி இன்றிப் பொதி செல்லாது. இவ்விடத்தில் எமக்கு அகத்திணை மரபு நினைவுக்கு வருகின்றது. அங்கு காதலர் கூற்று முழுவதும் கேட்போர் முன் விரித்து வைக்கப்படும். அவர்தம் இயற்பெயரோ சுட்டப்படுவதில்லை. இங்கு பெயர் வெளிப்படை, கூற்று மறைவு. இரண்டினுள் எது அந்தரங்கத்தைச் செம்மையாகக் காக்கின்றது என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. யார் எந்த வைத்தியருக்கு எழுதினார் என்பது தெரிந்தபின், என்ன எழுதினார் என்பது பலவேளைகளில் ஊகத்துக்கு எட்டியதே.

கம்பியில் மறைந்தது கணுவின் நினைவகத்தில் வெற்றுரையாகவே விரிகின்றது. விரியாவிடின் கணு அதனைத் தேடவும் கூட்டவும் இயலாது. எனவே கணுக்களிடை மறைகுறியாக்கம் காப்பது, கொத்தணியின் உரிமையாளரல்லாத பிறரிடமிருந்து மட்டுமே. அது பயனரை உரிமையாளரிடமிருந்து காப்பதில்லை. காக்கும் நோக்குடன் ஆக்கப்பட்டதுமன்று. 2013 யூனில் ‘மஸ்கியூலர்’ செய்திக்கு முன்னரே வெளியான ‘பிறிசம்’ திட்டத்தை இதனோடு வைத்து நோக்கவேண்டும். அதன்கீழ் அதே முகவரகம், அதே நிறுவனங்களிடமிருந்து, சட்டத்தின் வழியே தரவைப் பெற்றது. அரசும் ஏகபோக மூலதனமும் எப்போதும் ஒரே குரலிற் பேசும் என்ற சூத்திரத்துக்கு இவ்விரு திட்டங்களும் ஒருங்கே அமைவதில்லை. ஒன்றில் அரசு மூலதனத்தின் வேலியை அறியாமற் பிரித்தது. மற்றதிற் படலை வழியே கேட்டு வாங்கிற்று. முன்னையதற்கு எதிராக நிறுவனங்கள் சீற்றங்கொண்டு ஒளியிழை முழுவதையும் மறைகுறியாக்கின. பின்னையதற்கு அடிப்படையான வெளிநாட்டு உளவுச் சட்டத்தின் 702 ஆம் பிரிவோ, அதன்பின் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் மேலும் இரு வருடங்களுக்கு நீடிக்கப்பட்டது. அவ்வழியே கோரப்படும் கடிதம் கணுவிலிருந்து கணுவுக்கு மறைகுறியுடனேயே செல்கின்றது. கடைசிக் கணுவில் மறைகுறி முறைப்படி நீக்கப்பட்டு, கேட்டவர் கையில் வெற்றுரையாக ஒப்படைக்கப்படுகின்றது.